யாரிடம் தோற்றோம் என்பதுதான் கணக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் டிரக்கில் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓய்வே கிடையாது. பிளே-ஆஃப் சுற்றுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே போய்விட்டார்கள், யாருக்கு இன்னும் வாய்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மூன்று வரிசையாகத் திரையில் வரும் பக்கம் அது. அமெரிக்கக் கால்பந்து நேரலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கேமரா பிடித்ததில்லை, மைக்கும் பிடித்ததில்லை. திரையின் அடியிலும் ஓரத்திலும் வந்துபோகும் எண்களும் பெயர்களும்தான் என் பிழைப்பு.

டிரக் என்பது ஸ்டேடியத்தின் பின்புறம், சரக்கு வண்டிகள் வந்துபோகும் இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் நீளமான டிரெய்லர். உள்ளே இருட்டு, குளிர், ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள். முன்வரிசையில் டைரக்டரும் புரொட்யூசரும் உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள். எங்களில் ஒருவர் எழுத்தைத் திரைக்கு ஏற்றுவார். எதை ஏற்றலாம் என்று பார்த்துச் சொல்பவர் இன்னொருவர். நான் இரண்டாமவன். எத்தனை ஆட்டங்களை நேரில் பார்த்திருப்பாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். புல்தரைக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து அத்தனையையும் டிவியில்தான் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

எங்களில் பெரும்பாலோருக்கு நாள் கணக்கில்தான் சம்பளம். வெள்ளி இரவு விமானம், சனிக்கிழமை கேபிள் இழுத்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது, ஞாயிறு ஆட்டம், திங்கள் வீடு. சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. பிளே-ஆஃப் ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் ஜனவரி வாடகைக்குக் கவலையில்லை. அதனால் யார் உள்ளே போகிறார்கள் என்பதில் ரசிகனுக்கு இருந்த அக்கறை எங்களுக்கும் இருந்தது, காரணம்தான் வேறு.

நான் நுழைந்த 90களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தில்தான். ஒவ்வொரு அணியும் வாராவாரம் ஒரு கட்டுக் குறிப்பு தரும். லீக் அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வரும். பென்சிலும் ரப்பரும் கையில் இருக்கும். ஸ்கோரையே விளம்பர இடைவேளைக்கு முன்னும் பின்னும்தான் காட்டுவோம். 1994இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி என்.எஃப்.எல். லீக்கின் ஆட்டங்களை வாங்கியபோது ஸ்கோரையும் கடிகாரத்தையும் திரையின் மூலையில் நிரந்தரமாக உட்காரவைத்தது. ஆட்டத்தை மறைக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அந்தப் பெட்டி ஒரு நிமிடம் காணாமல் போனால் டிவி பழுது என்று நினைப்பார்கள். 1998இல் மைதானத்தின் குறுக்கே மஞ்சள் கோடு வந்தது. பந்து அடுத்து எந்த இடத்தைத் தாண்ட வேண்டும் என்று வீட்டிலிருப்பவருக்குக் காட்டும் கோடு, புல்லில் கிடையாது, திரையில் மட்டும்.

வித்தைகள் எத்தனை வந்தாலும் டிசம்பரின் அந்த ஒரு பக்கத்துக்கு ஈடாக எதுவும் வரவில்லை. லீக்கின் அமைப்பே அப்படி. 2002இலிருந்து 32 அணிகள். ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு கான்ஃபரன்ஸ், ஒவ்வொன்றிலும் நான்கு டிவிஷன், டிவிஷனுக்கு நான்கு அணிகள். வாரத்துக்கு ஓர் ஆட்டம், 2020 வரை சீசனுக்கு 16 ஆட்டம்தான். ஒரு கான்ஃபரன்ஸில் 16 அணிகள் 16 ஆட்டம் ஆடினால் பலர் ஒரே எண்ணில் வந்து நிற்பது தவிர்க்க முடியாதது. அதோடு சம்பள உச்சவரம்பு, கடைசியில் வந்த அணிக்குப் புது வீரர்களில் முதல் தேர்வு, பலம் குறைந்தவருக்குச் சற்றே இலகுவான அட்டவணை. எல்லாம் சேர்ந்து டிசம்பர் நடுவிலும் பாதிக்கு மேற்பட்ட அணிகளை உயிரோடு வைத்திருக்கும். உயிரோடு இருக்கும் அணியின் ஊரில் டிவி அணையாது. நாங்கள் விற்ற சரக்கு அந்த வாய்ப்புதான்.

இந்த வேலையில் எனக்கு வாய்த்த மூத்தவர் ஒருவர், வெற்றியை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள், நீ தோல்விகளை எழுதிவை என்பார். அவருடைய நோட்டில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பக்கம். தோற்ற ஆட்டம் மட்டும் இருக்கும். எதிரில் நின்றவர் அதே டிவிஷனா, அதே கான்ஃபரன்ஸா, அந்நியரா என்று மூன்று நிறத்தில் அடிக்கோடு போட்டிருப்பார். பெரியவருக்கு ஏதோ பழக்கதோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த நோட்டைத் தாண்டியும் கணக்கு போகும் என்று 2000 ஜனவரி 2 அன்று பார்த்தேன். 1999 சீசனின் கடைசி நாள். கிரீன் பே பேக்கர்ஸ், கரோலினா பேந்தர்ஸ் இரண்டு அணிகளுக்கும் ஒரே நிலை. சமநிலையை உடைக்கும் கணக்கு புள்ளி வித்தியாசம் வரை போய்விட்டது. ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட் பழகிய விஷயம். அங்கே முன்வரிசையில் நிற்கும் கணக்கு இங்கே வெகு கீழே ஒரு படிக்கட்டில் கிடக்கும், யாரும் அதுவரை இறங்குவதில்லை. அன்று இறங்கினார்கள். இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் வேறு வேறு ஊர்களில். ஓர் அணி டச்டவுன் போட்டால் செய்தி அடுத்த ஊருக்குப் பறக்கும், அங்கே அவர்களும் நிறுத்தாமல் போடுவார்கள். ஜெயித்தாகிவிட்டது, பந்தைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை ஓட்டலாம் என்ற நிலையிலும் நீளமாக வீசிக்கொண்டிருந்தார்கள். கரோலினா 45-13, கிரீன் பே 49-24. மாலை ஆட்டத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் ஜெயித்தது, இரண்டு அணிகளும் வீட்டுக்குப் போயின. பகல் முழுக்கக் கூட்டிக் கழித்த எண்களை எந்தப் பக்கத்திலும் போட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மூத்தவரின் நோட்டுக்கு முழு அர்த்தம் தெரிந்தது 2008இல்தான். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அதற்கு முந்திய சீசனில் 16 ஆட்டத்திலும் ஜெயித்து, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் மட்டும் நியூயார்க் ஜயண்ட்ஸிடம் 17-14 என்று தோற்ற அணி. பில் பெலிசிக் பயிற்சியாளர், டாம் பிரேடி குவார்ட்டர்பேக். களத்தில் அணியை நடத்துவதும் பந்தை வீசுவதும் குவார்ட்டர்பேக்தான். அவர் போனால் பாதி அணி போன மாதிரி. செப்டம்பர் 7, முதல் ஆட்டம், முதல் கால்பகுதி. கான்சஸ் சிட்டியின் பெர்னார்ட் போலார்ட் கீழே விழுந்த நிலையிலிருந்து எட்டிப் பாய்ந்ததில் பிரேடியின் இடது முழங்கால் போனது. சீசன் முழுக்க அவர் இல்லை.

நான் அன்று வேறோர் ஊரில், வேறோர் ஆட்டத்தில் இருந்தேன். ஹெட்செட்டில் செய்தி வந்த அரை நிமிடத்தில் எல்லா டிரக்கிலும் ஒரே கேள்விதான் கேட்டிருப்பார்கள்: மாட் கேசலைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய்? வைத்திருக்க ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓர் ஆட்டத்தையும் அவர் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியதில்லை. யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தில் முதலில் கார்சன் பாமருக்குப் பின்னால், பிறகு மாட் லைனார்ட்டுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவர். 2005இல் ஏழாவது சுற்றில், கிட்டத்தட்ட மிச்சம்மீதியாகத் தேர்வானவர். ஒரு வீரரைப் பற்றிய பக்கத்தில் நான்கு வரி நிரப்ப வேண்டும். அவருக்கு இரண்டு வரிக்கு மேல் தேறவில்லை.

அந்த மனிதர் பேட்ரியட்ஸை 11 வெற்றிக்கு இழுத்துக்கொண்டு போனார். 11 வெற்றி, 5 தோல்வி. அப்படியும் பிளே-ஆஃபுக்குள் நுழையவில்லை. 11-5 என்று முடித்த அணி வெளியே நிற்பது 1985 டென்வர் பிராங்கோஸுக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

கடைசி நாளின் கதையாகத்தான் இதைப் பலரும் சொல்வார்கள். நான் செப்டம்பர் 21இலிருந்து சொல்வேன். அன்று பேட்ரியட்ஸின் சொந்த ஊரான ஃபாக்ஸ்பரோவில் மயாமி டால்பின்ஸ் ஆடியது. முந்திய ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில் ஜெயித்து 15இல் தோற்ற அணி. அவர்களுடைய குவார்ட்டர்பேக் சாட் பென்னிங்டன். ஆகஸ்டில் நியூயார்க் ஜெட்ஸ் பிரெட் ஃபாரை வாங்கிய கையோடு இவரை வெளியே அனுப்பியிருந்தது. அன்று மயாமி ஒரு வேடிக்கை செய்தது. பென்னிங்டனை ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, பந்தை நேராக ஓட்டக்காரர் ரானி பிரவுன் கைக்கே கொடுத்தார்கள். வைல்ட்கேட் என்று பிறகு ஊர் முழுக்கப் பேசிய உத்தி. பிரவுன் நான்கு டச்டவுன் ஓடி, ஐந்தாவதை வீசினார். பேட்ரியட்ஸின் தற்காப்பு யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றது. 38-13. வழக்கமான சீசன் ஆட்டங்களில் தொடர்ந்து 21 வெற்றி கண்டிருந்த அணி அன்று தோற்றது. பிரேடி இல்லாத அணி அடி வாங்குவது சகஜம் என்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

அக்டோபரில் சான் டியாகோவிடம் 30-10. நவம்பர் 2 இண்டியானாபொலிஸில் 18-15. அந்த ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் ஜபார் கஃப்னி கையில் விழுந்த நிச்சயமான டச்டவுனைத் தவறவிட்டார். வெற்றிக்கான 52 கஜ உதையை அடித்தவர் ஆடம் வினட்டியேரி, பேட்ரியட்ஸுக்குச் சூப்பர் பவுல்களை உதைத்துக் கொடுத்த அதே கால். நவம்பர் 13 ஜெட்ஸிடம் 34-31. இதில் கேசல் 400 கஜம் வீசினார். ஆட்டம் முடிய ஒரு விநாடி இருக்கும்போது ராண்டி மாஸுக்குப் போட்ட பந்தால் சமன். கூடுதல் நேரத்தில் டாஸ் ஜெட்ஸுக்கு. அந்த நாளின் விதிப்படி முதலில் புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். ஃபார் அணியைக் கொண்டுபோய் நிறுத்த, ஜே ஃபீலி 34 கஜத்திலிருந்து உதைத்தார். கேசல் கைக்குப் பந்து திரும்பவே இல்லை. மாத முடிவில் பிட்ஸ்பர்க்கிடம் 33-10.

மயாமி, சான் டியாகோ, இண்டியானாபொலிஸ், ஜெட்ஸ், பிட்ஸ்பர்க். மூத்தவரின் நோட்டாக இருந்தால் ஐந்தில் ஒன்றுக்குக்கூட அந்நியருக்கான நிறம் விழுந்திருக்காது. ஐந்தும் ஏ.எஃப்.சி. அணிகள், அதாவது பேட்ரியட்ஸின் சொந்த கான்ஃபரன்ஸ். டிசம்பர் முதல் வாரம் நானும் அடிக்கோடு போட்டேன், வயிற்றில் ஏதோ செய்தது. பேட்ரியட்ஸ் ரசிகன் இல்லை நான். அந்த வரிசையைப் பார்த்தால் இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அதன்பின் அவர்கள் தோற்கவில்லை. சியாட்டிலில் 24-21. ஓக்லாந்தில் 49-26. டிசம்பர் 21 ஃபாக்ஸ்பரோவில் பனி கொட்ட, அரிசோனா கார்டினல்ஸை 47-7 என்று நசுக்கினார்கள். நாடு முழுக்க அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. பிளே-ஆஃபுக்குப் போனால் இந்த அணியை யார் தடுப்பது என்று பேச்சாளர்கள் பேசினார்கள். எனக்கு அந்த 47-7 காகிதத்தில் வேறு மாதிரி தெரிந்தது. அரிசோனா என்.எஃப்.சி. அணி. வெற்றி என்ற கணக்கில் ஒன்று கூடும், சமநிலையை உடைக்கும் கணக்கில் ஒன்றும் கூடாது.

டிசம்பர் 28 அன்று கடைசி ஆட்டம். பேட்ரியட்ஸ் பஃபலோவில். நான் அங்கேதான் இருந்தேன். பஃபலோவின் மைதானம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்கில் காற்று என்றால் அப்படியொரு காற்று. கோல் கம்பங்கள் வளைந்துபோய், ஆட்டத்துக்கு முன் ஆள் வைத்து நிமிர்த்தினார்கள். டிரக்கின் உலோகச் சுவர் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்ததில் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினோம். உயரத்தில் இருந்த கேமராக்களில் படம் நடுங்கியது. பெலிசிக் காற்றோடு மல்லுக்கட்டவில்லை. கேசல் ஆட்டம் முழுக்க எட்டு முறைதான் பந்தை வீசினார். ஒரு தடவை வீசுவதுபோல் நின்று, திடீரென்று தானே காற்றோடு உதைத்துப் பந்தை 57 கஜம் தள்ளி பஃபலோவின் எல்லையோரம் கொண்டுபோய்ப் போட்டார். குவார்ட்டர்பேக் உதைத்த பந்துக்கு எங்களிடம் தயாரான பக்கம் கிடையாது. அவசரமாகத் தட்டி ஏற்றினோம். 13-0.

எங்கள் கையில் இரண்டு பக்கங்கள் தயாராக இருந்தன. பேட்ரியட்ஸ் தோற்றால் ஒன்று, ஜெயித்தால் ஒன்று. ஜெயித்தால் வரும் பக்கத்தில் இரண்டே வரி: மயாமி தோற்க வேண்டும், அல்லது பால்டிமோர் தோற்க வேண்டும். இரண்டு ஆட்டமும் நான்கேகாலுக்குத்தான் தொடங்கும். ஆக, எங்கள் நேரலை முடியும்போது கேள்வியைத் திரையில் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஆனால் டிரக் உடனே கிளம்பாது. ஆட்டம் முடிந்தால் கேபிள் சுருட்டி, கேமரா இறக்கி, பெட்டிகளில் அடுக்க மூன்று மணி நேரமாவது ஆகும். கடைசியாகத்தான் மானிட்டர் சுவரை அணைப்பார்கள். குளிரில் விரைத்துப்போய் வந்த கேபிள்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்து, எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நியூ ஜெர்சியில் மயாமியும் ஜெட்ஸும். பேட்ரியட்ஸ் ரசிகர்கள் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெட்ஸ் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட நாள். ஃபார் மூன்று பந்துகளை எதிரணியிடம் வீசினார். அதில் ஒன்றைப் பிடித்த மயாமியின் ஃபிலிப் மெர்லிங் அப்படியே ஓடிப்போய் டச்டவுன் போட்டார். ஜெட்ஸ் வேண்டாம் என்று அனுப்பிய பென்னிங்டன் அதே ஜெட்ஸை அதே மைதானத்தில் 24-17 என்று முடித்தார். பால்டிமோரிலோ ஜாக்சன்வில் எதிர்த்து நிற்கவே இல்லை, 27-7.

இனி கணக்குக்கு வருவோம். மயாமி 11-5, பேட்ரியட்ஸ் 11-5. ஒரே டிவிஷன், டிவிஷனில் முதலிடம் யாருக்கு? முதல் படி, நேருக்கு நேர்: மயாமி ஃபாக்ஸ்பரோவில் ஜெயித்தது, பேட்ரியட்ஸ் நவம்பரில் மயாமியில் 48-28 என்று திருப்பிக் கொடுத்தது. சமம். இரண்டாம் படி, டிவிஷனுக்குள்: இருவரும் 4-2. சமம். மூன்றாம் படி, இருவரும் ஆடிய பொது எதிரிகள்: மயாமி தோற்றது ஜெட்ஸிடமும் அரிசோனாவிடமும், பேட்ரியட்ஸ் தோற்றது ஜெட்ஸிடமும் சான் டியாகோவிடமும். சமம். நான்காம் படி, கான்ஃபரன்ஸுக்குள்: மயாமி 8-4, பேட்ரியட்ஸ் 7-5. முடிந்தது.

மயாமியின் ஐந்து தோல்வியில் ஒன்று கான்ஃபரன்ஸுக்கு வெளியே விழுந்திருந்தது. யாரிடம்? செப்டம்பர் 14, 31-10 என்று அரிசோனாவிடம். பேட்ரியட்ஸ் பனியில் 47-7 என்று புரட்டி எடுத்த அதே அரிசோனா. அந்த அணியிடம் தோற்றதுதான் மயாமியைக் காப்பாற்றியது. அதை நசுக்கியவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. மிச்சமிருந்த ஒரே இடத்துக்குப் பால்டிமோர் வந்தது. அதுவும் 11-5. பேட்ரியட்ஸும் பால்டிமோரும் அந்த ஆண்டு மோதவில்லை, நேராகக் கான்ஃபரன்ஸ் கணக்கு. பால்டிமோரின் தோல்விகளில் ஒன்று என்.எஃப்.சி.யின் ஜயண்ட்ஸிடம். 8-4 எதிர் 7-5.

அன்று இரவே டென்வரை 52-21 என்று வென்று, 8-8 என்ற நிலையில் சான் டியாகோ உள்ளே போனது. மூன்று ஆட்டம் மிச்சமிருக்கும்போது டென்வர் 8-5, சான் டியாகோ 5-8. டென்வர் மூன்றையும் தோற்றது. டிவிஷனில் முதலிடம் பிடித்தவருக்கு இடம் உறுதி, எத்தனை வெற்றி என்று யாரும் கேட்பதில்லை. 11 வெற்றி வெளியே, 8 வெற்றி உள்ளே. அந்த அரிசோனா 9-7 என்று உள்ளே போய் சூப்பர் பவுல் வரை ஓடி, பிட்ஸ்பர்க்கிடம் 27-23 என்று கடைசி நிமிடத்தில் தோற்றது. அநியாயம், விதியை மாற்று என்று அந்த வாரம் எழுந்த சத்தம் கொஞ்சநஞ்சமில்லை.

விதி மாறத்தான் செய்தது, ஆனால் நியாயம் கேட்டவர்களுக்காக மட்டும் மாறியது என்று நான் சொல்லமாட்டேன். 2010இலிருந்து கடைசி வார ஆட்டங்கள் எல்லாமே டிவிஷன் எதிரிகளுக்குள் என்று ஆனது. இடம் உறுதியான அணிகள் முக்கிய வீரர்களை உட்காரவைத்துவிட்டு ஒப்புக்கு ஆடுவது குறைய வேண்டும் என்பது நோக்கம். கூடுதல் நேரத்தில் முதல் உதையிலேயே ஆட்டம் முடியும் வழக்கத்தை 2010 பிளே-ஆஃபிலும் 2012 முதல் எல்லா ஆட்டத்திலும் தளர்த்தினார்கள். 2020இல் கான்ஃபரன்ஸுக்கு ஆறாக இருந்த இடம் ஏழானது. 2021இல் 17ஆவது ஆட்டம் சேர்ந்தது. 2008இல் ஏழாவது இடம் இருந்திருந்தால் அது பேட்ரியட்ஸுக்குத்தான் போயிருக்கும். ஆனால் ஏழு இடம் வந்த முதல் சீசனிலேயே 10-6 என்று ஓர் அணி வெளியே நின்றது. கடைசி நாளில் பஃபலோவிடம் 56-26 என்று தோற்ற அணி. எது? மயாமி டால்பின்ஸ். கதவை எவ்வளவு அகலமாக வைத்தாலும் நிலைப்படியில் ஒருவர் நிற்பார். லீக்குக்கு அது தெரியும். கதவை அகலப்படுத்துவதால் கூடுவது நிலைப்படியை நெருங்குவோர் கூட்டம், எங்கள் பக்கத்தில் கூடுதலாக இரண்டு மூன்று பெயர்கள்.

வேலையும் மாறிவிட்டது. ஃபேக்ஸ் போனது, மின்னஞ்சல் வந்தது. பிறகு கணினி நிரல்கள் வந்து, மீதி ஆட்டங்களை ஆயிரக்கணக்கான முறை கற்பனையில் ஆடிப்பார்த்து, இன்ன அணிக்கு இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லத் தொடங்கின. புது ஆட்கள் அந்தச் சதவீதத்தைத் திரையில் போடுவார்கள். தப்பில்லை. ஆனால் ஏன் அந்த எண் என்று வர்ணனையாளர் இடைவேளையில் கேட்டால் பதில் வராது. பதில் தோல்விப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, லீக் அனுப்பும் வாய்ப்புக் குறிப்பில் ஒவ்வொரு வரியிலும் 'அல்லது சமன்' என்று ஒரு வால் இருக்கும். சமன் என்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு நடந்தால் அதிகம். இளையவர்கள் அந்த வாலை வெட்டிவிட்டுப் பக்கம் கட்டுவார்கள். 2022 ஜனவரி 9க்குப் பிறகு யாரும் வெட்டுவதில்லை. அன்று பகலில் இண்டியானாபொலிஸ், அதுவரை இரண்டே வெற்றி பெற்றிருந்த ஜாக்சன்விலிடம் 26-11 என்று தோற்று வெளியேறியது. அதனால் இரவு ஆட்டத்தில் ஒரு விசித்திர நிலை. சார்ஜர்ஸும் ரெய்டர்ஸும் ஆடுகிறார்கள். யார் ஜெயித்தாலும் அவர் உள்ளே. சமனில் முடிந்தால் இருவருமே உள்ளே, பிட்ஸ்பர்க் வெளியே. சார்ஜர்ஸ் 15 புள்ளி பின்தங்கியிருந்து கடைசி விநாடியில் 29-29 என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு உதை, 32-32. கடிகாரம் ஓடுகிறது, ரெய்டர்ஸ் அவசரப்படவில்லை. 38 விநாடி இருக்கும்போது சார்ஜர்ஸ் பயிற்சியாளர் பிராண்டன் ஸ்டேலி டைம்-அவுட் கேட்டார். அடுத்த ஓட்டத்தில் ரெய்டர்ஸ் பத்து கஜம் முன்னேறியது. டேனியல் கார்ல்சன் 47 கஜத்திலிருந்து உதைத்தார். 35-32. சார்ஜர்ஸ் வெளியே.

அந்த டைம்-அவுட்டைப் பற்றி எத்தனையோ நாள் பேசினார்கள். அது சத்தமான தருணம், பேசத்தான் செய்வார்கள். ஆனால் சார்ஜர்ஸ் முந்தின மாதம், அந்தச் சீசனில் மொத்தமே நான்கு ஆட்டம் ஜெயித்த ஹியூஸ்டனிடம் தோற்றிருந்தது. அதை ஜெயித்திருந்தால் இந்த ஜனவரி இரவுக்கே அவசியமில்லை.

அடுத்த ஆண்டு டெட்ராய்ட் லயன்ஸ். 1-6 என்று தொடங்கி, மீதிப் பத்தில் எட்டு ஜெயித்து 9-8 என்று முடித்த அணி. 2023 ஜனவரி 8, இரவு ஆட்டம் கிரீன் பேயில். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. மாலையில் சியாட்டில் கூடுதல் நேரத்தில் 19-16 என்று ஜெயித்து அதுவும் 9-8 ஆனது. நேருக்கு நேர் கணக்கில் சியாட்டில் மேலே. அக்டோபர் 2 அன்று டெட்ராய்ட் தன் ஊரிலேயே 45 புள்ளி எடுத்தும் 48-45 என்று சியாட்டிலிடம் தோற்றிருந்தது. ஒரு பெயரை 'வாய்ப்பு உண்டு' வரிசையிலிருந்து 'வெளியே' வரிசைக்கு நகர்த்துவது ஒரு சொடுக்கு. அந்த வீரர்கள் அப்போது உடை மாற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். இனி நமக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தே களமிறங்கி, 20-16 என்று கிரீன் பேயை அதன் சொந்த ஊரில் வென்று, அவர்களையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். அடுத்த சீசனில் டெட்ராய்ட் 12-5, என்.எஃப்.சி. இறுதி ஆட்டம் வரை போனது.

மாட் கேசலுக்கும் அந்த 2008 வீண்போகவில்லை. 3,693 கஜம், 21 டச்டவுன். பிரேடி திரும்பி வருவதால் பேட்ரியட்ஸ் அவரைக் கான்சஸ் சிட்டிக்கு அனுப்பி, பதிலுக்கு இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றை வாங்கியது. கான்சஸ் சிட்டியில் 2010இல் அவர் பிளே-ஆஃப் ஆட்டமும் ஆடினார். அவரைப் பற்றி நான்கு வரி நிரப்ப அப்போது யாருக்கும் சிரமமில்லை.

இப்போது நான் டிரக்கில் அதிகம் ஏறுவதில்லை. புதிதாக வருபவர்களுக்கு ஆகஸ்டில் சில நாள் சொல்லிக்கொடுப்பதோடு சரி. மென்பொருள் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான்: 'ஒரே ஓர் ஆட்டத்தில் வாய்ப்பு நழுவியது' என்று திரையில் போடாதீர்கள். எந்த ஆட்டம் என்று போடுங்கள். அதைப் போட வேண்டுமானால் முதல் வாரத்திலிருந்தே தோல்விகளைக் குறித்துவைத்திருக்க வேண்டும், எதிரில் நின்றவர் யார் என்பதோடு. டிசம்பரில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது, ஹெட்செட்டில் புரொட்யூசர் உங்களுக்குத் தருவது எட்டு விநாடி.